பாக்கி வந்தால்தான் பாட்டு

கதவு திறந்து கூட்டம் உள்ளே வரத் தொடங்கியதும் நான் போய் உட்காரும் இடம் அரங்கத்தின் கணக்கு அறை. பேசிய தொகையில் பாதி, ஒப்பந்தம் கையெழுத்தானபோதே வங்கிக்கு வந்திருக்கும். மீதிப் பாதியை அங்கே வாங்கி, எண்ணி, இடுப்புப் பையில் வைத்துப் பூட்டிய பிறகுதான் பாடகரின் அறைக்குப் போவேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையசைத்தால் எழுந்து சட்டையை மாட்டுவார். இல்லாவிட்டால் திரும்பச் சாய்ந்துகொள்வார். வெளியே இரண்டாயிரம் பேர் தரையை உதைத்துக் கூச்சல் போட்டாலும் அசைய மாட்டார்.

நான் ரெகே பாடகர்களின் டூர் மேனேஜர். ராக் குழுக்களோடு ஊர் சுற்றும் மேனேஜர்கள் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கச்சேரி முடிந்து, டிக்கெட் கணக்கைச் சரிபார்த்து, பாக்கி நாலு நாள் கழித்து வங்கியில் விழுந்தால் போதும். ரெகேக்காரர்கள் மட்டும் ஏன் யாரையும் நம்புவதில்லை என்று கேட்பார்கள். பணத்தாசை என்று சிலர் முடிவே கட்டிவிட்டார்கள். நாற்பது வருடத்தை நெருங்கும் அளவுக்கு இந்தத் தொழிலில் ஊறிப்போன எனக்கு அந்த முடிவு எரிச்சலூட்டும். அந்தச் சந்தேகம் எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது என்று துல்லியமாகச் சொல்ல முடியும்.

1960களில், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பாடத் தெரிந்த பையன்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒலிப்பதிவுக் கூடங்களின் வாசலில் வரிசை கட்டுவார்கள். தேறியவன் ஒரு பாட்டைப் பதிவு செய்வான், கையில் கொஞ்சம் காசு கொடுப்பார்கள், அதோடு அந்தப் பாட்டுக்கும் அவனுக்கும் இருந்த தொடர்பு முடிந்தது. லண்டனில் அந்த இசைத்தட்டு ஆயிரக்கணக்கில் விற்றாலும் அவனுக்குச் செய்தி மட்டும்தான் வரும். ஜமைக்காவுக்கென்று சொந்தமாகப் பதிப்புரிமைச் சட்டம் வந்ததே 1993இல். அதுவரை 1911ஆம் வருடத்து பிரிட்டிஷ் சட்டத்தை வைத்துத்தான் ஒப்பேற்றினார்கள். 1972இல் வந்த ‘தி ஹார்டர் தே கம்’ படத்தில் ஜிம்மி கிளிஃப் நடித்த ஐவன், வேறு வழியில்லாமல் தன் பாட்டை இருபது டாலருக்குக் கொடுத்துவிடுவான். எங்கள் பஸ்ஸில் அந்தப் படத்தைப் போடும்போதெல்லாம் வயதான வாத்தியக்காரர்கள் அந்த இடத்தில் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

தட்டில் வராத பணத்தை மேடையில்தான் சம்பாதிக்க வேண்டும். மேடையிலும் ஏமாந்தால் வேறு போக்கிடம் இல்லை. அதனால்தான் அந்தப் பாக்கி. என் வேலையின் மற்ற எல்லாமும், சாப்பாடு, விசா, வரி, தாமதம் எல்லாமே, கடைசியில் இந்த ஒரு விஷயத்தில் வந்து முட்டும்.

நம்பிக்கை வைத்துக் காசு கொடுத்தவர்களும் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். 1972இல் லண்டனில் கையில் காசில்லாமல் நின்ற, பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவினர் மூவருக்கும் ஐலண்ட் ரிகார்ட்ஸின் கிறிஸ் பிளாக்வெல் நாலாயிரம் பவுண்டு கொடுத்து, ஊருக்குப் போய் ஒரு முழு ஆல்பம் பதிவு செய்துகொண்டு வாருங்கள் என்றார். அந்தப் பணத்தை மறந்துவிடு என்றுதான் பலரும் அவரிடம் சொன்னார்களாம். வந்து சேர்ந்தது ‘கேட்ச் எ ஃபயர்’. ஆனால் தட்டு வந்த பிறகு 1973இல் அவர்கள் போன சுற்றுப்பயணங்களைத்தான் எங்கள் தொழிலில் சேரும் பையன்களுக்கு நான் பாடமாகச் சொல்வேன். இங்கிலாந்துச் சுற்று முடிந்ததும் பன்னி வெய்லர் இனி வெளிநாட்டுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். அவருக்குப் பதிலாக, மூவருக்கும் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஜோ ஹிக்ஸே அமெரிக்காவுக்குப் போனார். அங்கே ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவுக்கு முன்னால் பாடப் போனவர்களை சில கச்சேரிகளிலேயே கழற்றிவிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் திரும்ப இங்கிலாந்து வந்த பயணமும் பாதியில் நின்றது. பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளிர், சாப்பாடு, யாருக்கு முன்னால் யாரைப் பாடவிடுவது என்ற கணக்கு, இவைதான் பயணத்தை உடைத்தவை. இந்த மூன்றையும் பார்த்துக்கொள்ளத்தான் டூர் மேனேஜர் என்று ஒருவனுக்குச் சம்பளம்.

நான் இதற்குள் வந்தது வேன் ஓட்டியாக. என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வேலைக்கு வந்தவர். நாங்கள் குடியிருந்த ஹார்ல்ஸ்டனில் ரெகே என்பது வானொலியில் தேடிக் கேட்கும் சங்கதி அல்ல, தெருவில் ஓடுவது. பக்கத்தில் நீஸ்டன் லேனில் ட்ரோஜன் ரிகார்ட்ஸ் இருந்த கட்டடம். திரும்பிய பக்கமெல்லாம் இசைத்தட்டுக் கடை. பாப் மார்லி 1981 மே மாதம் இறந்து, பெரிய கம்பெனிகள் ரெகேயிலிருந்து மெல்லக் கையை எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. நல்ல நல்ல பாடகர்கள் பர்மிங்காம், பிரிஸ்டல், பாரிஸ் என்று பழைய வேனில் சுற்றினார்கள். வேன் ஓட்டுகிறவனுக்கு வழி தெரியும், பெட்ரோல் கணக்கு தெரியும், ராத்திரியில் தூங்கமாட்டான். கொஞ்ச நாளில் கணக்குப் பையும் அவன் கைக்கு வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது. அப்பாவுக்குக் கடைசிவரை நான் என்ன வேலை செய்கிறேன் என்று விளங்கவில்லை. சொந்தக்காரர்களிடம் ‘பயண ஏஜென்சி’ என்று சொல்லி வைத்திருந்தார். பாதி சரிதான்.

ரெகேயில் ஆள்கணக்கு பெரிது. ராக் குழு என்றால் நாலு பேர் போதும். எங்களுக்கு டிரம், பேஸ், இரண்டு கிட்டார், இரண்டு கீபோர்டு. பியானோவில் தாளத்தை வெட்டி வெட்டி வாசிக்க ஒருவர், ஆர்கனில் அதன் இடுக்கை நிரப்ப இன்னொருவர். ஊதுவாத்தியம் மூவர், கூடப் பாடும் பெண்கள் இருவராவது, பாடகர், ஒலி வல்லுநர், மேடைக்கு ஒரு ஆள், சமையல்காரர். பதினைந்து பேருக்கு விமான டிக்கெட், படுக்கை, சம்பளம், பேட்டா. ஆயிரம் பேர் அரங்கத்தில் இந்தக் கணக்கு கட்டவே கட்டாது. அதனால் வந்ததுதான் ஒரே பக்கவாத்தியக் குழு, மூன்று பாடகர்கள் என்ற ஏற்பாடு. ரூட்ஸ் ராடிக்ஸ், லாய்ட் பார்க்ஸின் வீ தி பீப்பிள் போன்ற குழுக்கள் இதில் மன்னர்கள். எந்தப் பாடகர் எந்த ஸ்தாயியில் எந்தப் பாட்டை எடுத்தாலும் நாலு எண்ணுவதற்குள் பிடித்துவிடுவார்கள். ஆனால் மூன்று பாடகர் என்றால் மூன்று பாக்கி, மூன்று தலையசைப்பு. கடைசியில் பாடுவது யார் என்ற சண்டை தனி. சுவரொட்டியில் பெயர்களின் எழுத்து அளவை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தவரும் உண்டு.

ராத்திரியில் ஊர் மாறுவது படுக்கை பஸ்ஸில். இரண்டு அடுக்கு வண்டி, மேலே பன்னிரண்டோ பதினாறோ படுக்கை. புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே இரண்டு விதி சொல்லிவிடுவேன். கால் வண்டியின் முன்பக்கம் இருக்கும்படி படு, ஓட்டுநர் திடீரென பிரேக் போட்டால் தலையும் கழுத்தும் தப்பும். பஸ் கழிவறையில் சிறுநீர் மட்டும்தான், மற்றதற்கு வண்டி நிற்கும் இடத்தைக் காத்திரு. இரண்டாவது விதியை மீறியவரோடு மொத்தக் குழுவும் ஒருவாரம் பேசாது. ஐரோப்பாவில் ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்தியாக வேண்டும், ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பொதுவாக ஓட்டக்கூடாது. வண்டியில் இருக்கும் டாக்கோகிராஃப் கருவி எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும். பாடகர் மேடையில் இன்னும் மூன்று பாட்டு என்று நீட்டிக்கொண்டிருக்கையில், நாளைய ஊர் எட்டு மணி நேரத் தூரம் என்று பக்கவாட்டில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறவன் நான்தான்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. எங்கள் பாடகர்களில் பலர் ராஸ்தஃபாரி சமயத்தவர். அவர்களில் கட்டுப்பாடானவர்கள் உண்பது ஐட்டல் என்னும் உணவு. பன்றி கூடாது, பலருக்கு எந்த இறைச்சியும் கூடாது, டப்பாவில் அடைத்தது கூடாது, உப்புகூடச் சிலர் போடமாட்டார்கள். ஒப்பந்தத்தோடு இணைக்கும் ரைடரில் இதை எழுதி அனுப்புவோம். ஜெர்மனியின் ஏதோ ஒரு சிற்றூரில் அரங்கத்துக்காரர் அதைப் படித்துவிட்டுச் சீஸும் ரொட்டியும் கொண்டுவந்து வைப்பார். எனவே லண்டனில் இருந்து புறப்படும்போதே நான் வெம்ப்ளியில் நம் கடைகளுக்குப் போய்ப் பெட்டி பெட்டியாக வாங்கிப் போட்டுக்கொள்வேன். சேனை மாதிரியான கிழங்குகள், பச்சை வாழைக்காய், தேங்காய், ஈரப்பலாக்காய், இஞ்சி. ஜமைக்காக்காரர் கல்லலூ என்று உயிரை விடும் கீரை நம் குப்பைக்கீரையேதான். முதல் தடவை ஒரு சமையல்காரரை அந்தக் கடைக்குக் கூட்டிப்போனபோது கீரைக்கட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இதை ஏன் இத்தனை வருஷமா எங்கிட்ட மறைச்சே?” என்று கடைக்காரரையே கேட்டார். வயிறு சரியாக இருந்தால் குழுவில் பாதிச் சண்டை வராது. இதை எந்தப் பெரிய மேனேஜரும் பேட்டியில் சொல்லமாட்டார்கள்.

விசா வேலைதான் மயிரை நரைக்க வைத்தது. 2003 ஜனவரிவரை ஜமைக்காக்காரர்கள் பிரிட்டனுக்கு விசா இல்லாமல் வரமுடிந்தது. அதன்பிறகு ஒவ்வொருவருக்கும் வங்கிக் கணக்கு, வேலைக்கான அத்தாட்சி, கைரேகை. ஐரோப்பாவுக்கு ஷெங்கன் தனி, அமெரிக்காவுக்குத் தனி மனு. விளம்பரத்தில் இருக்கும் பெயர் கடவுச்சீட்டில் இருக்காது. பர்னிங் ஸ்பியர் என்று ஊரெல்லாம் ஒட்டியிருப்பார்கள், பாஸ்போர்ட்டில் வின்ஸ்டன் ராட்னி. யூ ராய் என்பவர் யூவர்ட் பெக்ஃபோர்ட். ஒப்பந்தம், அழைப்புக் கடிதம், ஓட்டல் பதிவு, விமானச் சீட்டு என எல்லாக் காகிதத்திலும் இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதும் பழக்கம் எனக்கு இப்படி வந்தது. இளம் வயதில் கஞ்சாவுக்காக ஒரு தடவை கோர்ட்டுக்குப் போயிருந்தால் அமெரிக்கக் கதவு பல வருடம் திறக்காது. ஒரே ஒரு டிரம்மருக்கு விசா வராமல் போனதற்காக ஒரு முழுப் பயணத்தின் பாட்டு வரிசையையே மாற்றியிருக்கிறோம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறி, 2021இல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு, பிரிட்டிஷ் குழுக்கள் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம், கருவிகளுக்குக் கார்னே என்னும் சுங்கப் பட்டியல் வேண்டும் என்று புலம்பினார்கள். எங்கள் குழுவில் யாரும் அதற்குப் பெரிதாகப் பரிதாபப்படவில்லை.

கஞ்சாவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராஸ்தஃபாரிக்கு அது வழிபாட்டுப் பொருள். 2015இல் ஜமைக்காச் சட்டமே அதை ஒப்புக்கொண்டு, இரண்டு அவுன்ஸ்வரை வைத்திருப்பதைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது. ஆனால் எல்லைக் காவலருக்கு ஜமைக்காச் சட்டம் தெரிய வேண்டிய அவசியமில்லை. 1980 ஜனவரியில் பால் மெக்கார்ட்னியையே டோக்கியோ விமான நிலையத்தில் பிடித்து ஒன்பது நாள் உள்ளே வைத்தார்கள். பீட்டில்ஸ்காரருக்கே அந்தக் கதி என்றால் கறுப்புத் தோலும் சடைமுடியுமாக வரும் பன்னிரண்டு பேருக்கு என்ன ஆகும்? எல்லைக்கு முந்தைய பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, பையை எல்லாம் அவரவரே கவிழ்த்துக் காட்டவேண்டும் என்பது என் பஸ்ஸில் கட்டாயம். ஜப்பான் என்றால் புறப்படுவதற்கு ஒருவாரம் முன்பே துணிகளைத் துவைக்கச் சொல்லிவிடுவேன். முணுமுணுப்பார்கள், செய்வார்கள்.

வரிப்பிடித்தம் இன்னொரு தலைவலி. அயல்நாட்டுக் கலைஞருக்குத் தரும் தொகையில் பிரிட்டனில் 20 சதவீதம், அமெரிக்காவில் 30, ஜெர்மனியில் 15ம் அதன்மேல் ஒரு கூடுதல் வரியும் பிடிப்பார்கள். சட்டப்படி சரி. ஆனால் பத்தாயிரம் என்று பேசியது எட்டாயிரமாகக் கைக்கு வரும்போது, பாட்டை ஒருதடவை விற்றுவிட்டு அதன்பின் காசே காணாத மனிதருக்கு அது எப்படித் தெரியும்? அறுபதுகளில் அவர் பாட்டை வாங்கிய தயாரிப்பாளரும் ‘செலவு போக’ என்றுதான் சொன்னார். அதனால் வரிச் சான்றிதழ் கைக்கு வராமல் நான் ஊரைவிட்டுக் கிளம்புவதில்லை. முன்கூட்டியே மனுப் போட்டால் செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு மட்டும் வரி கட்டலாம். இந்த ஒரு வேலையிலேயே சில பாடகர்களுக்கு நான் வாங்கும் சம்பளத்தைவிட அதிகமாக மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறேன். இதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

அதைவிடச் சிறிய வேலை ஒன்று உண்டு, பலர் செய்வதேயில்லை. கச்சேரி முடிந்ததும் பாடிய பாட்டுகளின் பட்டியலை உரிமைச் சங்கத்துக்குப் பூர்த்தி செய்து அனுப்புவது. பிரிட்டனில் டிக்கெட் வருமானத்தில் ஒரு பங்கு, 2018க்குப் பிறகு கச்சேரிகளுக்கு 4.2 சதவீதம், பாட்டு எழுதியவர்களுக்கென்று சங்கத்துக்குப் போகிறது. பட்டியல் போகாவிட்டால் யார் பாட்டு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பட்டியல் எழுத உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று விளங்கியது. பல பாட்டுகளில் எழுதியவர் என்று பதிவாகியிருந்தது தயாரிப்பாளரின் பெயர். பாடகர் மேடையில் தன் சொந்தப் பாட்டைப் பாடினாலும் அதற்கான காசு வேறொருவருக்குப் போகும். 1998இல் ஜமைக்காவில் ஜகாப் என்ற சங்கம் வந்த பிறகு, பழைய பாடகர்கள் சிலரை உட்காரவைத்து, எந்த வருடம், எந்த ஸ்டூடியோ, பேஸ் யார் வாசித்தது என்று நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதி வாங்கினேன். பஸ்ஸின் கீழ்த்தட்டில், மேசையில் டீக்கோப்பைகளுக்கு நடுவே. சிலருக்குத் திரும்பக் கிடைத்தது, பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை.

தாமதத்துக்கு வருகிறேன். ஜமைக்கா நேரம் என்று கேலி செய்வார்கள். நான் பார்த்தவரை பாக்கி எட்டு மணிக்கு வந்தால் ஒன்பதுக்குப் பாடகர் மேடையில் இருப்பார். பாக்கி பத்துக்கு வந்தால் பதினொன்று. பதினொன்றுக்கு அரங்கம் மூட வேண்டும், தாண்டினால் அபராதம், அபராதத்தைப் பாக்கியில் பிடிப்பேன் என்பார் ஏற்பாட்டாளர். ஒருமுறை ஐரோப்பிய நகரம் ஒன்றில் இப்படித்தான். டிக்கெட் தீர்ந்துபோய்க் கூட்டம் நிரம்பி வழிகிறது, ஏற்பாட்டாளரைக் காணோம், தொலைபேசியும் எடுக்கவில்லை. பாடகர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மதுக்கடையின் கல்லாவில் இருந்து, டிக்கெட் சன்னலில் இருந்து, மேலங்கி வைக்கும் அறையின் சில்லறையிலிருந்துகூடச் சேர்த்துக்கொண்டு வந்து வைத்தார் அரங்க மேலாளர். பத்து, ஐந்து, நாணயம் என்று எண்ணி முடிக்க அரைமணி நேரம். பையே தூக்க முடியாமல் கனத்தது. பாடகர் அதைக் கையில் வாங்கி நிறுத்துப் பார்த்தார். “இப்ப சரி” என்று எழுந்து போய் இரண்டு மணி நேரம் பாடினார். மறுநாள் பத்திரிகையில் விமர்சகர் தாமதத்தைத் திட்டி எழுதியிருந்தார்.

சப்தம் இன்னொரு போர்க்களம். பேஸ் நெஞ்சில் இடிக்காவிட்டால் அது ரெகே இல்லை. பிரான்சில் 2017இல் வந்த ஆணைப்படி 15 நிமிட சராசரியில் 102 டெசிபல் ஏ தாண்டக்கூடாது, கனத்த ஒலியையும் சேர்த்து அளக்கும் ‘சி’ கணக்கில் 118. முதல் கணக்கு எங்களைப் பெரிதாகத் தொடவில்லை. இரண்டாவது எங்கள் மடியிலேயே கை வைத்தது. அரங்கத்து ஆள் அளவுமானியோடு மிக்ஸருக்குப் பக்கத்தில் நிற்பார். எங்கள் ஒலி வல்லுநரோ டப் பாணியில் பாட்டின் நடுவே குரலை எடுத்துவிட்டு, எதிரொலியை ஓடவிட்டு, பேஸையும் டிரம்மையும் மட்டும் தனியாக நிறுத்துகிறவர். காது கெடாமல் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, என் இடது காது ஏற்கெனவே போய்விட்டது. ஆனாலும் அந்தச் சட்டத்தை எழுதியவர் ஒருநாளாவது சவுண்ட் சிஸ்டம் முன்னால் நின்றிருக்கமாட்டார் என்பது என் கட்சி.

கச்சேரியே நடக்காமல் போனதும் உண்டு. 2000களில் ஓரினச் சேர்க்கையாளர்களைக் கொல்லச் சொல்லும் வரிகளுக்காக, ரெகேயிலிருந்து கிளைத்த டான்ஸ்ஹால் பாணியின் பாடகர்கள் சிலரின் கச்சேரிகள் ஐரோப்பாவெங்கும் ரத்தாயின. 2007இல் சிலர் இனி அப்படிப் பாடமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். கலாச்சாரம் என்று சாக்குச் சொன்னவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு ஆளைச் சுடச் சொல்லிப் பாடினால் அரங்கத்துக்காரர் கதவை மூடுவார், மூடட்டும். எனக்கு வயிறெரிந்தது பின்னால் நின்று வாசித்தவர்களுக்காக. ரத்தான கச்சேரிக்கு டிரம்மருக்கு யார் சம்பளம் தருவார்கள்?

பழைய ஆட்கள் சேர்ந்தால் பேச்சு கடைசியில் 1980 ஏப்ரலுக்குப் போகும். ஜிம்பாப்வேயின் சுதந்திர இரவு, ரூஃபாரோ மைதானம். அழைப்பு வந்ததும் மார்லி தன் செலவிலேயே ஒலிபெருக்கிகளையும் மேடைச் சாமான்களையும் விமானத்தில் ஏற்றினார். மைதானத்துக்கு வெளியே நின்ற கூட்டம் உள்ளே பாய, போலீஸ் கண்ணீர்ப்புகை வீச, குழு மேடையைவிட்டு ஓடித் திரும்பி வந்தது. மறுநாள் பொதுமக்களுக்காக இன்னொரு கச்சேரி. ஒரு பைசா வரவில்லை. பாக்கி கேட்கும் எங்கள் வம்சத்திலேயே இதுவும் நடந்திருக்கிறது. யாரிடம் கேட்பது, யாரிடம் கேட்கக்கூடாது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது ரைடரில் வேறு பொருள்கள் ஏறியிருக்கின்றன. மேடையில் ஒரு உயரமான நாற்காலி, விமான நிலையத்தில் சக்கர நாற்காலி, அறையில் இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி. 2020இல் டூட்ஸ் ஹிபர்ட் போனார். 2021 என்ற ஒரே வருடத்தில் யூ ராய், பன்னி வெய்லர், லீ பெர்ரி, ராபி ஷேக்ஸ்பியர். எழுபதைத் தாண்டியவருக்குப் பயணக் காப்பீடு எடுக்கப் போனால் அவர்கள் சொல்லும் தொகைக்கு ஒரு ஊதுவாத்தியக்காரரைக் கூட்டிப்போகலாம். இளைய பாடகர்கள் வேறு மாதிரி. வழக்கறிஞர் இருக்கிறார், பாட்டு அவர்கள் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது, முழுத் தொகையும் விமானம் ஏறுமுன்பே வங்கிக்கு வந்துவிடுகிறது. அவர்களோடு போகும்போது கணக்கு அறையில் எனக்கு வேலையே இல்லை. ஒன்பது மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மேடைக்குப் பக்கத்தில் போய் நின்று பாட்டுக் கேட்கிறேன்.

போன கோடையில் எழுபத்தைந்தைத் தாண்டிய ஒருவரோடு பயணம் முடித்துக்கொண்டு வந்தோம். வழக்கம்போல ஒவ்வொரு ரசீதையும் ஒட்டி, வரிச் சான்றிதழ்களை இணைத்து, கணக்கை அச்செடுத்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து விரலை ஓட்டினார். நான்காம் பக்கத்தில் நின்றார்.

“தம்பி, மூணு யூரோ தண்ணி. யாரு குடிச்சது?”

“நீங்கதான் ஐயா. லியோன்ல, பஸ் நின்னப்போ.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “குளிர்ந்த தண்ணியா?”

“ஆமா.”

அந்த வரிக்கு எதிரே ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து, பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரில். பிறகு, அடுத்த வருடம் கொலோன் சம்மர்ஜாம் இசைவிழாவுக்கு எவ்வளவு கேட்கப் போகிறாய் என்றார். தொகையைச் சொன்னேன். காப்பீடு ஏறிவிட்டது, இன்னும் கூட்டிக் கேள், பாதியை இப்போதே வாங்கு என்றார்.